ஆறாவது மடு

ஃபின்னர் பாலம்,
29 ஏப்ரல் 1957

பாடத் தெரியாத குயிலுக்கு,

தங்கை டோலினா எழுதுவது. டார்குயில் என்று ஆசையாகத்தான் பெயர் வைத்தார்கள். குயில் ஒட்டவில்லை, டர்ரென்று குறட்டை மட்டும் ஒட்டிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, நான், பசு நால்வரும் நலம். இதில் ஒழுங்காக வேலை செய்வது பசு மட்டும்தான் என்பது அம்மாவின் கருத்து. அபர்டீனில் நீயும், உன் இழுவலைக் கப்பல் எல்ஸ்பெத்தும் நலமா?

ஆறு இப்போது குஞ்சுகளின் ராஜ்யம். விரல் நீளச் சால்மன் குஞ்சுகள் வெள்ளிச் சட்டை மாட்டிக்கொண்டு கடலுக்கு இறங்குகின்றன. மலைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, வாலை முன்னே விட்டு, பின்னோக்கியே மிதந்து போகின்றன. "போக மனசில்லாத மாதிரி நடிக்குதுங்க பாரு," என்றார் அப்பா. நீ பஸ் ஏறிய அழகும் அதுதான்.

இனி செய்தி. புதிய வரைபடத்துக்காகப் பெயர் சேகரிக்க ஓர் அதிகாரி தெற்கிலிருந்து வந்தார். பெயர் பெட்டிஃபர். பெயருக்கேற்றபடி தூக்க முடியாத ஒரு பெட்டி. அப்பா ஆட்டுக்குட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் ஆற்றைக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. கடல் முகத்திலிருந்து மேலே நடந்தோம். நம் ஆற்றில் ஆறு மடு. "இதுக்கு என்ன பேரு?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார்.

"உப்பு மடு. கடல் ஏறும்போது இதுவரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும்."

"அடுத்தது?"

"கறுப்பு ஹெக்டர் மடு. கல்யாண வீட்டுலேர்ந்து வந்தாரு. பாலம் ஒரு பக்கம் இருந்துது, அவரு வேற பக்கம் வந்துட்டாரு."

"அப்புறம்?"

"தையல்காரன் மடு."

"அவருமா?"

"அவரும்தான். அதுக்கு மேல மேய்ப்பன் மடு. அதுக்கும் மேல அண்ணன் தம்பி மடு."

பேனாவை நிறுத்தி, "ரெண்டு பேருமா!" என்றார். அப்போதும் நம் வழக்கத்தை நான் விளக்கவில்லை. உயிரோடிருப்பவர் பெயரைப் படகுக்கு வைப்போம், நாய்க்கு வைப்போம், கன்றுக்குட்டிக்கு வைப்போம். மடுவுக்கு மட்டும் தண்ணீர் எடுத்துக்கொண்டவர் பெயர்தான். அருவிக்குக் கீழே இருக்கும் ஆறாவதில் இதுவரை யாரும் போகாததால் அதற்குப் பெயரே இல்லை. அவரோ, "பேர் இல்லாம எப்படிம்மா போடறது?" என்று அழாத குறை. பாவமாக இருந்தது.

"டார்குயில் மடு," என்றேன்.

எழுதிக்கொண்டார். பெயர்க் காரணம் என்று ஒரு கட்டம் வேறு இருந்தது. "இவர் இங்கே வழுக்கி விழுந்து கால்சட்டையைப் பறிகொடுத்தார்" என்று அதில் முத்து முத்தாக எழுதினார். சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

உன் கால்சட்டையின் நினைவைப் போற்றும்,
டோலினா

*

அபர்டீன்,
6 மே 1957

அடியே வாலு,

அண்ணன் நலம். எல்ஸ்பெத்தும் நலம், துரு மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. அப்பாவின் முதுகு எப்படி? அம்மா இன்னும் என் கம்பளிச் சட்டையைப் பின்னி முடிக்கவில்லையா?

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சமையல்காரர் சிரித்த சிரிப்பில் சூப் மூக்கில் ஏறிவிட்டது. ஆனாலும் பெட்டிஃபருக்கு உடனே எழுதி அதை அடிக்கச் சொல். அம்மா காதுக்குப் போனால் உன் காது போகும்.

அப்பாவிடம் சொல்: செப்டம்பரில் வந்துவிடுவேன். அடுத்த பருவத்திலிருந்து, மீன் பிடிக்க வரும் துரைமாருக்குப் படகு தள்ளவும் தூண்டில் கட்டிக்கொடுக்கவும் மகன் வருவான் என்று அவர் பேசி வைத்ததை மறக்கவில்லை. கை மறக்காதிருக்கக் கப்பலிலும் தூண்டில் முள்ளில் இறகு வைத்துப் பொய்ப்பூச்சிகள் கட்டுகிறேன். நாலு அனுப்பியிருக்கிறேன். கறுப்பும் ஆரஞ்சும் வெள்ளம் வடியும்போது. சின்னது இரண்டும் தண்ணீர் தெளிந்தபின்.

இங்கே ஒரு கிழவர் சொல்கிறார், ஏரியிலேயே தங்கும் பழுப்பு ட்ரவுட் மீனும் கடலுக்குப் போய் வெள்ளியாகத் திரும்பும் ட்ரவுட்டும் ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளாம். அப்படியானால் உன் நிறத்துக்கு என்ன காரணம் என்று புரிந்துவிட்டது.

நாளை ஐஸ்லாந்துக் கடலுக்கு. மூன்று வாரம்.

வெள்ளி ட்ரவுட்,
டார்குயில்

*

ஃபின்னர் பாலம்,
14 ஜூன் 1957

வெள்ளி முலாம் பூசிய அண்ணாவுக்கு,

வழக்கம்போல் அனைவரும் நலம். மூன்று வாரம் என்றாய். ஐந்து முடிந்து ஆறாவது ஓடுகிறது. ஐஸ்லாந்தில் எண்களை வேறு மாதிரி எண்ணுவார்களோ?

இங்கே மழை இல்லை. நம் ஆற்றின் குணம்தான் உனக்குத் தெரியுமே. பெய்தால் மூன்று மணி நேரத்தில் இடுப்பளவு, மறுநாள் மதியத்துக்குள் கணுக்காலளவு. இப்போது கணுக்காலும் இல்லை. தேநீர் நிறத்தில் ஓடியது, கழுவிய கோப்பையில் ஒட்டிய கறை மாதிரி பாறையில் கோடு போட்டுவிட்டுப் படுத்துவிட்டது. சால்மன்கள் குடாவில் நின்று, மேலே ஏற வழி தெரியாமல் துள்ளுகின்றன. கடல்நாய்களுக்குத் தினமும் விருந்து. சம்பளம் வாங்கிக்கொண்டு மீன் இல்லாத ஆற்றைக் காக்க வெட்கமாக இருக்கிறது என்கிறார் அப்பா.

பெட்டிஃபருக்கு எழுத மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது பொய், சோம்பல். நாளை எழுதுகிறேன்.

அம்மா உன் கடிதத்தைப் பற்றிக் கேட்பதேயில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் கோழிகளுக்கு இரண்டாம் முறை தீனி போட வாசலுக்கு வருகிறாள். கோழிகள் நடக்க முடியாமல் கொழுத்துவிட்டன. கோழிகளின் நலன் கருதியாவது எழுது.

டோலினா

*

ஃபின்னர் பாலம்,
1 ஜூலை 1957

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும். இது விசாரிப்பு இல்லை, உத்தரவு.

நாளை நாளை என்று நான் தள்ளியது தப்பாகிவிட்டது. பெட்டிஃபரின் பெயர்ப் பட்டியல் சனிக்கிழமை வந்தது. ஆட்சேபம் இருந்தால் செப்டம்பர் 15க்குள் எழுதலாம் என்று தபாலாபீஸ் கதவில் பெய்கி அத்தை ஒட்டினாள். அவள்தான் முதலில் படித்தவள். "டார்குயில் மடு" என்பதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாளாம். உன் கடிதம் எட்டு வாரமாக வரவில்லை என்பது தபாலாபீஸ்காரிக்குத் தெரியாதா? யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் நம் ஊர்.

அம்மா பால் கறந்துவிட்டு வந்தாள். இறந்தவன் படகை வைப்பது போல் உன் படகைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளே பெய்கி அத்தையும் இன்னும் ஏழெட்டுப் பேரும். ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்கள். மேசையில் ஓட்ஸ் ரொட்டி, வெண்ணெய், ஒரு முழுக் கோழி.

"என்ன எல்லாரும் வந்திருக்கீங்க?" என்றாள் அம்மா.

"உனக்கு யாரும் சொல்லலையா, ஃப்ளோரா?" என்றாள் பெய்கி அத்தை.

நான் கத்தினேன். விளையாட்டு, நான் செய்த விளையாட்டு, கால்சட்டை, எல்லாவற்றையும் கத்தினேன். போதகர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. எல்லோரும் போய்விட்டார்கள். கோழியை யாரும் திரும்ப எடுத்துப் போகவில்லை.

அப்பா தபாலாபீஸ் போனில் உன் கப்பல் அலுவலகத்தைக் கேட்டார். "எல்ஸ்பெத் கடலில் இருக்கிறது" என்றார்கள். அவ்வளவுதான்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "நீ விளையாட்டுக்குத்தான் சொன்ன. தண்ணிக்கு விளையாட்டு தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு வரி எழுது.

டோலினா

*

அபர்டீன்,
8 ஜூலை 1957

அன்புள்ள டோலினா,

நலம். அம்மாவிடம் நலம் என்று சொல். வேலை அதிகம். கப்பல் ஆடுவதால் எழுத்து கோணல். இப்போது வர முடியாது. அந்தப் பெயரை அடிக்கச் சொல்லிவிடு.

டார்குயில்

*

ஃபின்னர் பாலம்,
13 ஜூலை 1957

அன்புள்ள அண்ணா,

நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். எழுதியது நீதானா என்பதே இங்கே வழக்கு.

கடிதத்தை அம்மா ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். படிக்கவில்லை, பார்த்தாள். "இது எம்புள்ள எழுத்து இல்ல," என்றாள்.

அப்பா சொன்னார்: "கப்பல் ஆடுதுன்னு எழுதியிருக்கானே, ஃப்ளோரா."

"கப்பல் கடல்ல இருக்குன்னாங்க. கடுதாசியில அபர்டீன் முத்திரை. எந்தக் கப்பல் ஆடுது?"

உன்னோடு வேலை செய்யும் யாரோ நல்லவன், நாங்கள் துடிக்கக் கூடாது என்று உன் பெயரில் எழுதுகிறான். இதுதான் அவள் முடிவு. பெயரை நீக்கும் மனுவை நான் எழுதினேன். அவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். "அவன கண்ணால பாக்காம அழிக்க மாட்டேன். போயிட்டான்னா, அவனுக்குன்னு இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் நானே அழிக்கவா?"

ஆகையால் உனக்குப் பரீட்சை. போதகரின் தொப்பியில் தவளை வைத்தது யார்? நீ பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் பத்தொன்பது பவுண்டு சால்மனின் உண்மை எடை என்ன? பார்த்து எழுதாதே.

டோலினா

*

அபர்டீன்,
22 ஜூலை 1957

பரீட்சை அதிகாரிக்கு,

நலம். தவளை வைத்தது நீ, அடி வாங்கியது நான். சால்மன் பதினொன்றரை பவுண்டு. தண்ணீரில் இருந்தபோது பத்தொன்பதாகத் தெரிந்தது. தேறிவிட்டேனா? வியாழக்கிழமை மதியம் தபாலாபீஸுக்குப் போன் செய்கிறேன், அம்மாவை வரச் சொல்லு. இந்த வருடம் மட்டும் வீட்டுக்கு வர முடியாது. படகுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி அப்பாவிடம் சொல்.

டார்குயில்

*

ஃபின்னர் பாலம்,
29 ஜூலை 1957

அண்ணா,

நலமா என்று கேட்டுத்தான் எல்லாக் கடிதத்தையும் தொடங்குகிறோம். இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நீ போன் செய்தபோது அம்மாவுக்குக் கேட்டது வெறும் இரைச்சல். "யாரோ மீன் வறுக்கிறாங்க," என்று வைத்துவிட்டாள். தவளைக் கதையும் எடுபடவில்லை. "கடல்ல பொழுது போக, கூட வேல செய்யறவன்கிட்ட எம்புள்ளதான் சொல்லியிருப்பான், பாவம்," என்றாள்.

ஆனால் நான் உன் மூன்று கடிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். என் வகுப்பு யூனா இடக்கைக்காரி. எழுதிய மை காய்வதற்குள் அவள் கையே அதன்மேல் நகரும். அதனால் சட்டைக் கை எப்போதும் நீலம், தாள் முழுக்கத் தீற்றல். மே மாதத்து உன் கடிதம் சுத்தம். ஜூலை மாதத்தவை இரண்டிலும் யூனாவின் தீற்றல்.

உன் வலது கை எங்கே, அண்ணா? இதில் சிலேடை எதுவும் இல்லை.

டோலினா

*

அபர்டீன்,
5 ஆகஸ்ட் 1957

அன்புள்ள டோலினா,

மே 19. வலையை இறக்கி ஏற்றும் வின்ச்சில் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. என் கையுறையையும் கூட்டிக்கொண்டு கடலுக்குள் ஓடியது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை. சொல்வதற்கு அவ்வளவுதான் இருக்கிறது. அதைச் சொல்ல இரண்டரை மாதம் ஆகிவிட்டது.

எல்ஸ்பெத் நான் இல்லாமலே போய் வருகிறது. வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று எல்லோரிடமும் நான்தான் கெஞ்சினேன். ஆஸ்பத்திரி முடிந்து, இப்போது வலைக்கிடங்கில் மிதவைகளைப் பிரித்து அடுக்குகிறேன்.

பூச்சி கட்டிப் பார்த்தேன். இறகு ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். சமையல்காரர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை; அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "என் மகன் வருவான்" என்று அப்பா துரையிடம் சொல்லி வைத்திருக்கிறார். இந்தக் கையை அவர் முன்னால் எப்படி நீட்டுவேன்? அம்மாவிடம் எதையாவது சொல்லிச் சமாளி. நீ சொன்னால் பொய்கூட நிஜம் மாதிரி இருக்கும்.

டார்குயில்

*

ஃபின்னர் பாலம்,
12 ஆகஸ்ட் 1957

அன்புள்ள அண்ணா,

பொய் சொல்லித்தான் இவ்வளவும் ஆயிற்று. கைவசம் சரக்கு தீர்ந்துவிட்டது.

உன் கையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. நான் சொல்ல வேண்டியது வேறு. அம்மா தினமும் மதியம் ஆறாவது மடுவுக்கு நடக்கிறாள். பிர்ச் மரங்களைத் தாண்டி, பாறை இடுக்கில் ஏறி, இரண்டு மைல். போன வியாழக்கிழமை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பின்னி முடித்த உன் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அருவிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். தண்ணீரைப் பார்த்து, "குளிருதாடா?" என்று கேட்டாள்.

உன்னை முழுதாகத் தொலைத்துவிட்டதாக நம்புகிறவள் இரண்டு விரலுக்கா சண்டை போடப்போகிறாள்?

மழை பிடித்துவிட்டது, அண்ணா. சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்குள் தையல்காரன் மடுவின் பெரிய பாறையை ஆறு விழுங்கிவிட்டது. எட்டு வாரத்துக்கு மேல் குடாவில் நின்ற சால்மன்கள் ஏறுகின்றன. பாலத்தில் படுத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றின் முதுகில் கடல்நாய் கடித்த பள்ளம். ஒன்றுக்குப் பாதி வால் இல்லை. அதுவும் ஏறுகிறது, கொஞ்சம் கோணலாக.

வெள்ளிக்கிழமை பஸ் நாலு மணிக்குப் பாலத்தில் நிற்கும்.

டோலினா

*

ஃபின்னர் பாலம்,
9 செப்டம்பர் 1957

மதிப்பிற்குரிய திரு. பெட்டிஃபர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் பெட்டியும் நலமென நம்புகிறேன். ஏப்ரலில் தங்களுக்கு ஆற்றைக் காட்டிய டோலினா மக்காய் எழுதுவது. ஆறாவது மடு பற்றி நான் சொன்னது குறும்பு. எங்கள் ஊரில் மடுவுக்கு இறந்தவர் பெயரைத்தான் வைப்போம், என் அண்ணன் அப்போது உயிரோடிருந்தான் என்பதைத் தங்களிடம் மறைத்தேன். மன்னிக்கவும். ஊரும் வீடும் கொடுத்த தண்டனையை ஏற்கனவே அனுபவித்துவிட்டதால் தாங்கள் தனியாக எதுவும் அனுப்ப வேண்டாம்.

அண்ணன் இப்போதும் உயிரோடிருக்கிறான். முதல் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவன் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவதில், எல்லோரும் இறங்கிய பிறகு, வலது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு இறங்கினான். நான் ஓடினேன். அம்மா தொழுவத்திலிருந்து பால் வாளியோடு வந்தவள் நின்றாள். சிந்தாமல் வாளியைக் கீழே வைத்தாள். கிட்டே போய், முகத்தைக்கூடப் பார்க்காமல், பையிலிருந்த கையை வெளியே இழுத்துக் கையுறையைக் கழற்றினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்தக் கோழிக் கிறுக்கல் எழுதினது நீதானாடா?"

"நான்தாம்மா."

"பள்ளிக்கூடத்துல படிச்சதெல்லாம் எங்கடா போச்சு?" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அப்பா ஆற்றிலிருந்து வந்தார். அண்ணன் கையை அவர் பக்கம் நீட்டி, "இனிமே பூச்சி கட்ட முடியாதுப்பா, இந்த வேலைக்கு நான்..." என்று இழுத்தான்.

"பூச்சிய நான் கட்டறேன். துரைக்கு மீன் கெடக்கிற எடத்தக் காட்டணும். அதுக்கு ஒரு விரல் போதும். உங்கிட்ட எட்டு இருக்கு," என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவசரமாகக் குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்தார். அது ஏற்கனவே அவிழ்ந்திருந்தது.

இப்போது தங்கள் விஷயம். பெயரை நீக்கும் மனுவை மேசையில் வைத்து, "இப்பப் போடும்மா கையெழுத்து," என்றேன். அம்மா அதை இரண்டாக மடித்து அடுப்பில் போட்டாள்.

"அழிக்க வேணாம். ரெண்டு விரலத் தண்ணி எடுத்துக்கிச்சில்ல? வழக்கப்படி அதுக்குப் பேரு குடுத்தாச்சு. பேர அது வெச்சிக்கட்டும். புள்ளய நான் வெச்சிக்கிறேன்."

ஆகவே "டார்குயில் மடு" என்றே இருக்கட்டும். பெயர்க் காரணக் கட்டத்தில் உள்ள கால்சட்டையை மட்டும் நீக்கிவிட்டு இதைச் சேர்க்கவும்: "1957 மே மாதம் தண்ணீர் இவரிடமிருந்து இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. மீதி ஆள் பாலத்தருகே வசிக்கிறார்."

விவரம் அறிந்த ஒருவரின் கையெழுத்து வேண்டும் என்று தங்கள் படிவம் கேட்கிறது. இதைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் ஊரில் இல்லை என்பதால் டார்குயிலே கையெழுத்துப் போட்டிருக்கிறான். கோணலாக இருக்கிறது, மை தீற்றியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், ஐயா. அது அவனுடையதுதான். அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

இப்படிக்கு,
டோலினா மக்காய்